ஆறு கிலோ டைகரும் ஐந்து பேர் பாசமும்

எங்கள் வீட்டில் வயிறு சரியில்லாத ஜீவன்கள் இரண்டு. ஒன்று நான்; இன்னொன்று டைகர். பெயரைக் கேட்டு யாரும் பயந்துவிட வேண்டாம். டைகர் ஒரு வெள்ளைப் பொமரேனியன். குளிப்பாட்டி ஈரத்தோடு நிறுத்தினால் கொஞ்சம் பெரிய அணில் மாதிரி இருக்கும். எடை ஆறு கிலோ.

நான் ராத்திரி முழுக்கப் புளித்த ஏப்பம் விட்டாலும் வீட்டில் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நானே மெடிக்கலுக்குப் போய், நானே ஜெலூசில் வாங்கி, நானே நெஞ்சைத் தடவிக்கொள்ள வேண்டும். டைகர் ஒரு வேளை தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தால் போதும். அம்மா மிளகாயும் உப்பும் எடுத்துத் திருஷ்டி சுற்றக் கிளம்பிவிடுவார். மகள் கண்ணில் தண்ணீர் நிற்கும். மனைவி என் பக்கம் திரும்பி, "என்னங்க, சும்மா உக்காந்திருக்கீங்க? வண்டியை எடுங்க" என்பாள்.

திண்டுக்கல்லில் நாய் வளர்ப்பதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நாகசாமி நாயுடு என்ற தலைப்பாகை கட்டிய மனிதர் 1957-ல் இங்கே ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டலைத் தொடங்கினார். அதன் பிறகு இந்த ஊரில் சீரகச் சம்பாவின் வாசனை இல்லாத மதிய நேரம் ஒன்று இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் காம்பவுண்டு சுவருக்கு மேலாக எலும்புகள் தாமாகவே வந்து விழும். பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டால், "வாயில்லா ஜீவன், பாத்துக்கிட்டே இருக்குண்ணே" என்பார். டைகருக்கு வாய் இல்லை என்று சொல்ல ஒரு பெரிய மனசு வேண்டும்.

சுவருக்கு இந்தப் பக்கமும் நிலைமை அதேதான். காலையில் அம்மா, சாம்பாரில் தோய்த்த இட்லி ஓரம். பள்ளிக்கூடம் கிளம்புகிற அவசரத்திலும் மகளின் குளுக்கோஸ் பிஸ்கட். மதியம் மனைவியின் ஒரு ஸ்பூன் நெய். "நெய் ஊத்துனாத்தான் முடி பளபளன்னு இருக்கும்" என்பது அவள் கட்சி. பல வருஷமாக என் தலைக்கு இந்த வைத்தியத்தை அவள் யோசித்ததே இல்லை. ராத்திரி என் தட்டிலிருந்து ஒரு கறித்துண்டு. ஒவ்வொருவரும் கொடுப்பது துளியூண்டுதான். ஒருவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரியாது. மொத்தக் கணக்கு தெரிந்த ஒரே ஆள் டைகர், அது வெளியே சொல்லாது.

ஆடி மாதம் வேடசந்தூர் பக்கம் எங்கள் குலதெய்வம் கோயிலில் கிடாவெட்டு. டைகரும் வந்தது. பங்காளிகள் அத்தனை பேரும், "டவுன் நாயா? இந்தா சாப்பிடு" என்று ஆளுக்கொரு கொழுப்புத் துண்டை நீட்டினார்கள். மறுநாள் இரண்டு தடவை வாந்தி. அப்புறம் அது கூடத்தின் நடுவில் வந்து முன்னங்கால்களை நீட்டி, நெஞ்சைத் தரையோடு பதித்து, பின்பக்கத்தை மட்டும் உயர்த்தி அப்படியே நின்றது.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "டேய் தம்பி, பாருடா, சாமி கும்பிடுது. கோயிலுக்குப் போய்ட்டு வந்த பலன்."

மகள் வீடியோ எடுத்தாள். நான் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். வரிசையாகக் கைகூப்பிய படங்கள் வந்து விழுந்தன. சென்னைச் சித்தப்பா, "பூர்வ ஜென்ம வாசனை" என்று எழுதினார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. நான் போட்ட எதற்கும் அந்தக் குழுவில் அத்தனை பேர் பதில் எழுதியதில்லை.

வாந்தி நிற்காததால் கால்நடை மருத்துவரிடம் போனோம். போகும்போதே கழிவு மாதிரி கொண்டுவரச் சொன்னார்கள். கைக்குக் கிடைத்தது, கடையில் தயிர்வெங்காயம் கட்டிக்கொடுக்கிற வட்ட பிளாஸ்டிக் டப்பா. அதில் போட்டு மூடி கேரி பேக்கில் தொங்கவிட்டுக்கொண்டு போனால், வாசலில் பழைய ஆபீஸ் நண்பர் பையை எட்டிப் பார்த்து, "என்னண்ணே, பார்சல் பலமா இருக்கு?" என்றார். இந்த ஊரில் அந்த டப்பாவுக்கு வேறு அர்த்தமே கிடையாது.

வீடியோவை மருத்துவரிடம் காட்டினேன், பக்திப் பரவசத்தோடு. ஒரு முறை பார்த்தார். "சார், இது கும்பிடறது இல்ல. வயித்து வலி தாங்காம அப்படி நிக்குது. கணையமா இருக்கும்."

நமக்கு இருப்பது போலவே நாய்க்கும் இரைப்பைக்குப் பக்கத்தில் கணையம் இருக்கிறது. கொழுப்பையும் புரதத்தையும் கரைக்கிற நொதிகள் அங்கே சுரந்து, குடலுக்கு வந்த பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். கணையம் வீங்கி அழற்சி கண்டால் அவை இருந்த இடத்திலேயே வேலையைத் தொடங்கி, கணையத்தையே தின்ன ஆரம்பிக்கின்றன. கொழுப்பான ஒரு விருந்தே இதைக் கிளப்பிவிடலாம். சின்ன ஜாதி நாய்கள் இதில் எளிதாகச் சிக்கும்; முற்றினால் உயிருக்கே ஆபத்து. நாய் வயிற்றில் நெய்ச்சோறு தங்காது என்று நம் ஆட்கள் யார் யாரையோ திட்டுவதற்குச் சொல்லிவைத்தது நேரடி மருத்துவக் குறிப்பு என்று அன்றுதான் தெரிந்தது.

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், டிரிப்ஸ். மனைவி டைகரின் காலைப் பிடித்துக்கொண்டாள். நான் பில்லைப் பிடித்துக்கொண்டேன். இடையில் மெதுவாக, "எனக்குப் போடுற வலி மாத்திரையில பாதி…" என்று ஆரம்பித்தேன். "மனுஷ மாத்திரை எதுவும் வேண்டாம் சார். அதுலயே செத்துப்போற நாய் இருக்கு" என்றார் அவர். அதோடு வெங்காயம் கொடுப்பதுண்டா என்று ஒரு கேள்வி. வெங்காயம் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இதற்கு என்ன பதில் சொல்வது? வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைத்துவிடுமாம். வேகவைத்தாலும் வதக்கினாலும் அந்தக் குணம் போகாது. உடல் எடையில் கிலோவுக்கு 15 கிராம் போனாலே வம்பு வரலாம். டைகருக்கு அது 90 கிராம். எங்கள் சாம்பாரில் ஒரு கைப்பிடிச் சின்ன வெங்காயம். சோர்வும் ஈறு வெளுப்பும் தெரியச் சில நாள் ஆகும் என்பதால் கொடுத்த கை அதற்குள் மறந்துபோயிருக்கும். திராட்சை, பாயசத்து உலர் திராட்சை, சாக்லேட், வேகவைத்த எலும்பு என்று பட்டியல் நீண்டது. பழனிப் பஞ்சாமிர்தம் பற்றி அம்மா கேட்க வாயெடுத்தார், அதிலும் நெய்தான்.

அம்மாவுக்கு ஒரே ஒரு ஆறுதல் கிடைத்தது. சோறும் இட்லியும் நாய்க்குச் செரிக்கவே செரிக்காது என்று என் மைத்துனன் அடிக்கடி சாதிப்பான், ஓநாயின் வம்சம் என்று. ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் மரபணுவைப் பார்த்துச் சொன்னது வேறு: மனிதனோடு வாழ்ந்து வாழ்ந்து, மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் பிரதிகள் நாய்க்கு ஓநாயைவிடப் பல மடங்கு பெருகிவிட்டன. "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார் அம்மா. எப்போது சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு ஆறுதலாக இருப்பவர் பாவ்லோவ். மணியடித்து நாய்க்கு எச்சில் ஊறவைத்தவர் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் 1904-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆராய்ச்சிக்காக. அவருடைய ஆய்வுக்கூடத்தில் நாய்களின் இரைப்பை நீரைச் சேகரித்துச் சுத்தம் செய்து, செரிமானக் கோளாறு உள்ள மனிதர்களுக்கு மருந்தாக விற்றார்கள், வாங்கிக் குடித்தார்கள். அந்தக் காலத்தில் நாய்கள் வீட்டுத் தலைவனின் வயிற்றுக்கு உழைத்தன. இப்போது என் சம்பளம் டைகரின் வயிற்றுக்கு உழைக்கிறது.

வாந்தி நின்ற பிறகு பத்தியம். தோலும் கொழுப்பும் எடுத்த கோழிக்கறியை உப்பு, எண்ணெய், மசாலா இல்லாமல் வேகவைத்துக் குழைந்த சோற்றோடு, கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து வேளை. அப்புறம் மருத்துவர் காகிதத்தில் எழுதிக்கொடுத்த கணக்கு. ஆறு கிலோ நாய்க்கு நாள் முழுவதும் தேவைப்படுவது ஏறக்குறைய 400 கலோரி. கொறிக்கக் கொடுப்பது அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. அதாவது 40 கலோரி. ஒரு குளுக்கோஸ் பிஸ்கட்டில் 20, 25 கலோரி இருக்கும். இரண்டாவது பிஸ்கட்டிலேயே ரேஷன் தீர்ந்தது. மனைவியின் ஒரு ஸ்பூன் நெய் மட்டும் 45. அவள் காகிதத்தை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, "ஸ்பூன் சின்னதுதான்" என்றாள்.

பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் திண்டுக்கல் பூட்டுக்கும் 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டுமே எங்கள் மாவட்டத்துச் சரக்கு. ஒன்று டைகருக்கு ஆகாது. இன்னொன்றை டைகருக்காகவே வாங்கி வந்தேன்: நல்ல கனமான மாங்காய்ப் பூட்டு. பிஸ்கட், நெய், பொரி உருண்டை எல்லாம் இருக்கிற அலமாரியில் மாட்டி, சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். நாயிடமிருந்து அலமாரியைக் காப்பாற்ற என்று அக்கம்பக்கத்தில் நினைத்துக்கொண்டார்கள். குடும்பத்தாரிடமிருந்து நாயைக் காப்பாற்ற என்று எப்படி விளக்குவது? முதல் நாளே நடுராத்திரியில் எனக்குப் பசித்து எழுந்து, சத்தமில்லாமல் பூட்டைத் திறக்கப் பார்த்தேன். ஊர்ப் பூட்டு, சத்தம் போட்டது. மனைவி விளக்கைப் போட்டாள்.

டைகர் இப்போது நன்றாகத் தேறிவிட்டது. எடையும் சரி, முடியும் நெய் இல்லாமலே பளபளக்கிறது. அம்மா மட்டும் சாப்பிடும்போது தட்டைத் தரையில் வைத்து, டைகர் பக்கமாக உட்காருகிறார். இட்லி ஓரம் எப்படியோ அதன் வாய்க்குப் போய்விடுகிறது.

"அம்மா, குடுத்தீங்களா?"

"நான் எங்கடா குடுத்தேன்? கை தவறி விழுந்துச்சு."