மனசால செய்யும் வைத்தியர்கள்

மலேசியாவின் செமினியில் இன்றைக்குப் பஞ்சமே இல்லாத ஒரு தொழில் உண்டென்றால் அது மனநல வைத்தியம். ரப்பர் மரம் நின்ற இடத்தில் வீட்டுத் தாமான் வந்தது, தாமானில் கடைவரிசை வந்தது, கடைவரிசையின் மாடியில் இப்போது 'தெரபிஸ்ட்' வந்திருக்கிறார். மாடி வாடகை கட்டுப்படாதவர் டிக்டாக்கில் இருக்கிறார். கோட்டும் டையும் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, நம் கண்ணீருக்காகக் காத்திருக்கும் அதே முகம். அவர் எங்கே படித்தார் என்று கேட்காதீர்கள். அவர் நடத்தும் வகுப்பில் சேர்ந்தால் நீங்களே தெரிந்துகொள்ளலாம்.

விளம்பரம் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு. இரண்டே நாளில் ஆலோசகர் ஆகலாம். வீட்டிலிருந்தே படிக்கலாம். முன்தகுதி தேவையில்லை. சான்றிதழ் பி.டி.எஃப். ஆகக் கைப்பேசிக்கே வந்துவிடும். முன்தகுதி தேவையில்லை என்பதை நான் அப்படியே நம்புகிறேன். படித்து முடித்த பிறகும் தகுதி எதுவும் வந்து தொந்தரவு செய்வதில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு ஸூமில் நுழைகிறீர்கள். பத்துக்குள் ஃப்ராய்ட் முடிந்துவிடுவார். யுங்குக்கு அரைமணி, அதிலும் பாதி 'என் குரல் கேட்குதாங்க?' என்பதில் போகும். மத்தியானச் சோற்றுக்கு முன் 'குழந்தைப் பருவக் காயம்', சோற்றுக்குப் பின் அதை ஆற்றும் முறை. ஞாயிறு சாயங்காலம் தேர்வு, பத்துக் கேள்வி. தப்பாக அழுத்தினால் 'மீண்டும் முயலவும்' என்று திரை சொல்லும். சரியாக அழுத்தும்வரை பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தப் பாடத்திட்டத்தில் பொறுமையான ஆலோசகர் என்று பார்த்தால் அந்தத் திரை ஒன்றுதான். திங்கட்கிழமை முதல் 'கிளையண்ட்'. பெரும்பாலும் சின்னம்மா மகள்.

விளம்பரத்தின் மூலையில் இன்னொரு மந்திரமும் இருக்கும்: 'எச்.ஆர்.டி. கோர்ப் கிளெய்ம் செய்யலாம்.' தொழிலாளர் பயிற்சிக்கென்று முதலாளிகளிடம் சம்பளக் கணக்கில் ஒரு விழுக்காடு பிடிக்கும் நிதி அது. கிளெய்ம் செய்யலாம் என்றால் காசு திரும்பக் கிடைக்கும் என்று பொருள். அந்த வகுப்பில் படித்தவர் எதிரே உட்கார்ந்து ஒரு தாய் தன் வாழ்க்கையைக் கொட்டலாம் என்று யாரும் உத்தரவாதம் எழுதித் தரவில்லை. ஆனால் நம் ஆட்களுக்கு ஏதாவது ஓர் அரசாங்க எழுத்து தெரிந்தால் போதும். திறந்து வைக்க ஒய்.பி. என்று ஒரு மக்கள் பிரதிநிதி வருவார், மாலை விழும், 'சமுதாயத்துக்கு இப்படிப்பட்டவர்கள்தான் தேவை' என்பார், அடுத்த மண்டபத்துக்குக் கிளம்பிவிடுவார்.

இந்த நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம், 580 என்று எண். மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் கீழ் லெம்பாகா கவுன்செலோர் என்ற வாரியம் இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட படிப்பு, மேற்பார்வையில் பயிற்சி, பதிவு, தொழில் செய்ய அனுமதிச் சான்று. இவை இல்லாமல் தன்னைக் கவுன்சிலர் என்று சொல்லிக்கொள்வது குற்றம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகளுக்கு 2016ஆம் ஆண்டின் 774ஆம் சட்டம். நம் சூரர்கள் இதை எல்லாம் படித்திருக்கிறார்கள். படிப்பு என்று அவர்கள் ஒழுங்காக முடித்தது அநேகமாக இது ஒன்றுதான். அதனால் போர்டில் கவுன்சிலர் என்று போடுவதில்லை. 'மைண்ட் கோச்', 'ஹீலர்', 'இன்னர் சைல்ட் வழிகாட்டி'. சட்டப் புத்தகத்தில் இல்லாத பெயராகப் பார்த்துத் தேடி வைத்துக்கொள்கிறார்கள். குலதெய்வத்துக்குப் பேர் வைக்கக்கூட நாம் இவ்வளவு யோசித்ததில்லை.

இணையத்தில் படிப்பதே தப்பு என்று சொல்கிற கிழவன் அல்ல நான். எம்.ஆர்.டி. ரயில் காஜாங்கோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் செமினிக்கு வருகிற ஒரு பெண், பகலில் வேலை பார்த்துக்கொண்டு இரவில் ஆலோசனைத் துறை படிக்கிறாள் என்றால், இணையம்தான் அவளுக்கு நூலகம். கேள்வி, அந்த நூலகத்தில் அவளுக்கென்று என்ன வைத்திருக்கிறோம் என்பது. பெரிய பெரிய தெரபிஸ்டுகள் வேலை செய்வதைக் காட்டும் வீடியோக் கூடங்கள் இருக்கின்றன. கட்டணம் டாலரில். அது முடியாதவளுக்கு யூடியூபில் குளோரியா.

குளோரியாவைத் தெரியாத ஆலோசனை மாணவர் உலகத்தில் இருக்க முடியாது. 1964இல் கலிஃபோர்னியாவில் எடுத்த படம். விவாகரத்தான இளம்பெண் ஒருத்தி, மூன்று தெரபிஸ்டுகளுடன் அடுத்தடுத்துப் பேசுகிறாள். கார்ல் ரோஜர்ஸ் கனிவாகக் கேட்கிறார். ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ் சிகரெட்டும் கையுமாக 'நீ போலி' என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். ஆல்பர்ட் எல்லிஸ் அவளைவிடத் தானே அதிகம் பேசுகிறார். அவளுக்கு என்ன பிரச்சினை? கணவனைப் பிரிந்த பிறகு வேறு ஆண்களோடு இருந்தாயா என்று மகள் கேட்டுவிட்டாள், உண்மையைச் சொல்வதா, மறைப்பதா? நல்ல படம், படிக்க வேண்டிய படம். அறுபது வருடமாகப் படிக்கிறார்கள்.

அதைப் பார்த்து முடித்த கையோடு நம் பெண் எதிரே உட்காரப்போவது யார்? தோட்டம் துண்டாடி விற்கப்பட்டபோது லயத்தைக் காலிசெய்து, பிளாட்டின் மூன்றாம் மாடிக்கு ஏறியவள். கணவன் இரவுக் காவல். மகன் லோக்காப்பில். மருமகனின் கடனுக்கு வட்டிமுதலை ஆலோங் வந்து இவள் வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறான். அவள் நெஞ்சு படபடக்கிறது என்று கிளினிக் போனாள், மாத்திரை கொடுத்தார்கள். தூக்கமில்லை என்று சாமி பார்க்கப் போனாள், செய்வினை என்றார்கள். கடைசியில் நம் மைண்ட் கோச்சிடம் வருகிறாள். அவர் சொல்கிறார்: 'எல்லை போடுங்கம்மா. டாக்சிக் ஆட்களை விலக்குங்க. தினமும் நன்றி சொல்ல மூன்று விஷயம் எழுதுங்க.' ஆலோங்குக்கு எல்லை போடுவது எப்படி என்று ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சொல்லித் தரவில்லையே! அவள் ஒரு நோட்டுப் புத்தகமும் வாங்கி, கோச்சுக்குக் காசும் கொடுத்துவிட்டு, நன்றி சொல்ல மூன்று விஷயம் தேடிக்கொண்டு படி ஏறுகிறாள். தன்மேல்தான் ஏதோ கோளாறு என்று இப்போது அவளுக்கு உறுதியாகிவிட்டது. இதற்குப் பெயர் சிகிச்சையாம்.

செமினியின் ப்ரோகா சாலையில் 2005இலிருந்து நோட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. இங்கிலாந்தில் உள்ள அதன் மணிக்கூண்டுக் கட்டடத்தைப் போலவே இங்கேயும் வெள்ளையாக ஒன்று எழுப்பி வைத்திருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, அது பிரிட்டிஷ் பல்கலைக்கழகம், பிரிட்டிஷ் வேலையைச் செய்கிறது. கடல் தாண்டி ஒரு மணிக்கூண்டைக் கொண்டுவர முடிந்த ஊரில், தமிழில் அழுகிறவளுக்குத் தமிழில் படித்த ஒரு ஆளைக் கொண்டுவர நமக்கு முடியவில்லை. அது வெள்ளைக்காரன் செய்ய வேண்டிய வேலை அல்ல.

நோய் புதிதும் அல்ல. கேமரன் மலையில் தற்கொலைகளை ஆராய்ந்து, இந்தியர்களிடையே அது மிகுந்திருப்பதை 1988இலேயே பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் எழுதியவர் மருத்துவர் டி. மணியம். 2007இல் தேசியத் தற்கொலைப் பதிவேடு தொடங்கியபோதும் அதே கதைதான். மக்கள்தொகையில் ஏழு விழுக்காடு இருக்கிற நாம், அந்தப் பட்டியலில் மட்டும் நம் பங்குக்கு மேல் வாங்கிக்கொண்டோம். நாட்டின் சுகாதார ஆய்வில் 2019இல் 2.3 விழுக்காடாக இருந்த மனச்சோர்வு 2023இல் 4.6 ஆனது, ஏறக்குறைய பத்து லட்சம் பேர். இத்தனைக்கும் நடுவில் நாம் கண்டுபிடித்த மருத்துவச் சொல் 'தஞ்சோங் ரம்புத்தான்'. 1911இல் திறந்த ஒரு மனநல மருத்துவமனையின் ஊர்ப்பெயரை நூறு வருடத்துக்கு மேலாக வசவாகவே வைத்துக் காப்பாற்றி வருகிற சமுதாயம் நாம்.

2024 ஜூலையில் ஈஷா என்று டிக்டாக்கில் அறியப்பட்ட ராஜேஸ்வரி அப்பாவு இறந்தார். இணையத்தில் நம் ஆட்கள், நம் மொழியில், கூட்டமாக உட்கார்ந்து அவரைக் கிழித்த பிறகு. அவரை இழிவுபடுத்தியதாகக் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு நீதிமன்றம் விதித்த அபராதம் 100 வெள்ளி. அந்தப் பழைய சட்டப்பிரிவில் உச்சவரம்பே அவ்வளவுதான். இணையப் பகடிவதைக்குத் தண்டனைச் சட்டத்தில் தனிப்பிரிவுகள் நடைமுறைக்கு வர 2025 ஜூலை ஆயிற்று. ஒரு பெண்ணைத் தூற்ற 100 வெள்ளி. அவளைப் போன்றவளைத் தேற்றக் கற்றுக்கொடுக்கும் வாரக்கடைசி வகுப்புக்கு அதைவிடக் கூட. நல்ல சந்தை இது. அதே டிக்டாக், அதே பார்வையாளர்கள். காயப்படுத்துகிறவனும் கட்டுப்போடுகிறேன் என்கிறவனும் ஒரே விளக்கு வெளிச்சத்தில் நின்று இதயக்குறி எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

சின்ன வயதிலேயே பிடித்துத் திருத்தலாமே என்றால் பள்ளிக்குப் போக வேண்டும். முழுநேர ஆலோசக ஆசிரியர் மாணவர் தலையை எண்ணித்தான் வருவார். நம் தமிழ்ப்பள்ளிகளில் பலவற்றில் நூற்றைம்பது பிள்ளைகள்கூட இல்லை. அங்கே ஆலோசகர் வேலையையும் விளையாட்டுப் பாட ஆசிரியரே பார்ப்பார், நல்லவராக இருந்தால்.

பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் என்று ஓர் அமைப்பு 1970இலிருந்து தொலைபேசியின் அருகே உட்கார்ந்திருக்கிறது. 03-7627 2929, இருபத்துநான்கு மணிநேரமும். தமிழ் பேசும் தொண்டர்களும் உண்டு. ஆள் பொறுக்கி, வாரக்கணக்கில் பயிற்சி கொடுத்த பிறகுதான் தொலைபேசியைத் தொடவே விடுவார்கள். அவ்வளவுக்குப் பிறகும் அந்தத் தொண்டர் தன்னை ஆலோசகர் என்று சொல்லிக்கொள்வதில்லை, 'கேட்கிறேன், சொல்லுங்க' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். ஊதியமும் கிடையாது, போட்டோவும் கிடையாது. சுகாதார அமைச்சும் 2022இலிருந்து 15555 என்று ஓர் உதவி எண் வைத்திருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைச் சிறைக்கு அனுப்பும் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை நாடாளுமன்றம் 2023இல்தான் நீக்கியது. அதுவரை உதவி கேட்டு அழைக்கவே பயந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

தமிழில் படிக்க ஒன்றுமே இல்லையே, அதனால்தான் வாரக்கடைசி வகுப்பு என்று யாராவது வாயைத் திறந்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத 1993இல் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 'மனவடு' என்ற நூலை எழுதினார். குண்டுக்கும் இடப்பெயர்வுக்கும் நடுவே 1987இலிருந்து சாந்திகம் என்ற நிலையம், உளவளத்துணையாளர்களைத் தமிழிலேயே பயிற்றுவித்தது. 'தமிழ்ச் சமுதாயத்தில் உளநலம்' என்று நூல் வந்தது. 'நான்' என்று உளவியலுக்கே ஓர் இதழ் வந்தது. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகத்தில் ஈழத்து எழுத்து ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கிறது. கணவனைக் காணாதவள், பிள்ளையைப் பறிகொடுத்தவள், கோயிலில் சாமி ஆடினால்தான் அழ முடிகிறவள் என்று நமக்குத் தெரிந்த மனிதர்களை வைத்து அந்த மக்கள் பாடம் எழுதியிருக்கிறார்கள். மண்ணெண்ணெய் விளக்கில் எழுதியதை ஃபைபர் இணைப்பில் திறந்து பார்க்க நமக்கு ஆளில்லை.

ஏன்? ஆங்கிலத்தில் இல்லாததால் அந்தஸ்து இல்லை. கிள்ளானில் மண்டபம் பிடித்து, சென்னையிலிருந்து பாடகரை விமானத்தில் வரவழைக்கக் காசு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் அழுகையைக் கேட்டவரை ஸூமில் அழைத்து, இங்குள்ள நாற்பது மாணவர்களுக்குத் தொடர்ந்து மேற்பார்வை செய்யச் சொல்லக் காசு இல்லை. அதற்குக் கைதட்டல் வராது.

மேற்பார்வை என்ற இடத்தில்தான் வியாபாரியின் சாயம் வெளுக்கும். பார்த்துப் படிப்பது பாதி. நீ செய்ததை மூத்தவர் ஒருவர் கேட்டு, 'இங்கே அவளைப் பேசவிடாமல் நீ அறிவுரை சொல்லிவிட்டாய்' என்று சுட்டிக்காட்டுவது மீதி. நம் மாணவிக்கு அதிலும் ஒரு கண்டம். அமர்வு தமிழில் நடக்கிறது, மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாது என்றால் இவள் சுருக்கி எழுதிக் கொடுப்பதை அவர் படித்துத் தலையாட்ட வேண்டியதுதான். அவள் குரல் எங்கே உயர்ந்தது, எதிரே இருந்தவள் எந்த வார்த்தையில் வாயடைத்துப் போனாள் என்று கேட்க ஒரு காதும் இல்லாமலே படிப்பு முடிந்துவிடும். ஒழுங்காகப் படிக்கிறவளுக்கே இந்தக் கதி. பி.டி.எஃப். பட்டதாரிக்கோ இந்தக் கவலையே கிடையாது, அவர் வகுப்பில் மேற்பார்வை என்றால் ஸூமில் கேமராவை ஆன் செய்வது.

போன வருடம் காஜாங்கில் ஒரு மண்டபத்தில் 'மன அமைதி விழா'. மேடையில் ஒரு கோச். கேள்வி நேரத்தில் சிவப்புச் சேலை கட்டிய அக்கா ஒருவர் எழுந்து, 'தம்பி, உங்க லெம்பாகா நம்பர் என்ன? போன்ல தட்டிப் பார்த்தேன், உங்க பேரு வரலையே' என்றார். கோச் கைகூப்பினார். 'நம்பரெல்லாம் தொழிலா செய்யிறவங்களுக்குக்கா. நாங்க மனசால செய்யிறோம்.' அரங்கம் கைதட்டியது. குறட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவன் 'மனசால பல்லுப் பிடுங்குறேன்' என்று வந்திருந்தால் அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பார்கள். அக்கா விடவில்லை. 'தாங்க முடியாத கேஸ் வந்தா யாருகிட்ட அனுப்புவீங்க?' என்று ஆரம்பித்தார். அதற்குள் அறிவிப்பாளர் மைக்கை வாங்கிக்கொண்டார். நேரமில்லையாம், அதிர்ஷ்டக் குலுக்கல் காத்திருக்கிறதாம். முதல் பரிசு ஏர் ஃப்ரையர்.