பஜ்ஜியைப் பிழியும் படலம்

சாயங்காலம் மெரினாவில் ஒரு பஜ்ஜிக் கடை முன் நின்றால் நம்மவர்களின் ஆரோக்கிய விழிப்புணர்வை நேரிலேயே பார்க்கலாம். ஜல்லிக்கரண்டியிலிருந்து சுடச்சுட வந்து விழுந்த மிளகாய் பஜ்ஜியை யாரும் உடனே வாயில் போடுவதில்லை. செய்தித்தாள் துண்டில் வைத்து, இன்னொரு துண்டால் மூடி, உள்ளங்கையால் ஓர் அழுத்து. தாள் கண்ணாடியாகிவிடுகிறது. "எண்ணெய் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க" என்கிறார் ஒருவர், நாலாவது பஜ்ஜியை அழுத்தியபடி.

எண்ணெய் தாளுக்குப் போவது வாஸ்தவம். பதிலுக்கு, தாளின் மை பஜ்ஜிக்கு வருகிறது. அச்சு மையில் ஈயம் முதலானவை இருக்கக்கூடும் என்பதால், உணவைச் செய்தித்தாளில் பொதியக் கூடாது என்று 2018-ஆம் ஆண்டு விதிமுறையிலேயே தடை உண்டு. விதி தில்லியில் இருக்கிறது, பஜ்ஜி கையில் இருக்கிறது. அந்தத் தடைச் செய்தியைப் போட்ட நாளிதழும் எடைக்குப் போய் இங்கேதான் வந்து சேர்ந்திருக்கும். எண்ணெய் ஊறிய தாளில் ராசிபலன் பளிச்சென்று தெரிகிறது: கும்ப ராசிக்கு ஆரோக்கியம் சீராம்.

தொன்னையோ இலையோ கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் வீட்டிலிருந்து ஒரு தட்டு கொண்டுபோங்கள். பிழிவதற்குப் பதில் ஒரு பஜ்ஜியைக் குறைத்தால் டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.