எண்பதோடு நிறுத்தலாமா?

கேள்வி: கைப்பேசியை 80 விழுக்காட்டுக்கு மேல் சார்ஜ் செய்யாதே என்கிறான் என் மகன். காசு கொடுத்து வாங்கிய பேட்டரியில் மீதி 20ஐ ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கைப்பேசிக்கும் ஓய்வு வேண்டும் என்று சொல்லும் பிள்ளை கிடைப்பது வரம். கேட்டுக்கொள்ளுங்கள் அம்மா!

தோட்டத்துப் பெரியவர்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1877இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் ஊன்றப்பட்டன. பின்னாளில் பேராக் தோட்டங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் பால் வெட்டும் முறை வந்தது. ஓய்வு கொடுக்காமல் வெட்டினால் பட்டை காய்ந்து பால் வற்றிவிடும். விட்டு வெட்டிய மரமே பல்லாண்டு பால் தந்தது.

கைப்பேசியின் லித்தியம்-அயான் பேட்டரியும் அப்படித்தான். அது 100ஐ எட்டும்போது ஒரு செல்லின் மின்னழுத்தம் 4.2 வோல்ட்டையோ அதற்கு மேலோ தொடும். அந்த உச்சத்திலேயே நெடுநேரம் நின்றால் உள்ளே வேண்டாத வேதிவினைகள் பெருகி, கொள்திறன் குறையும். வெப்பமும் சேர்ந்தால் கேடு இன்னும் கூடும். ஆகவே ஈப்போ வெயிலில் நிற்கும் காருக்குள்ளும், இரவில் தலையணைக்கு அடியிலும் சார்ஜ் வேண்டவே வேண்டாம்.

80இல் தானே நிறுத்தும் வசதி 2023இல் வந்த ஐபோன் 15இல் உண்டு. சாம்சங் கைப்பேசிகள் பலவற்றிலும் உண்டு. நெடும்பயண நாளில் தாராளமாக 100 வரை ஏற்றுங்கள். மற்ற நாள்களில் எண்பதே போதும். பேட்டரி நீண்டு உழைக்கும், பணம் மிஞ்சும், மின்குப்பை குறையும். இன்றிரவே மகனிடம் சொல்லி அந்த வசதியை முடுக்கிவிடுங்கள்!