புட்டி கழுவும் மாப்பிள்ளை

கேள்வி: கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் உதவியாளராக இருக்கும் ஒரு பையனுக்கு என் மகளைக் கேட்கிறார்கள். “புட்டி கழுவுகிற உத்தியோகம்தானே!” என்று என் தமையனார் முகம் சுளிக்கிறார். தங்கள் அபிப்பிராயம் என்ன?

பதில்: தங்கள் தமையனார் சொல்வது வாஸ்தவமே. ஆனால் தண்ணீர்ப் பரிசோதனைக்குப் போகிற புட்டியில் முன்பே ஒரு கிருமி குடியிருந்தால், நிரபராதியான ஒரு கிணறு அபாண்டம் சுமக்க நேரிடும் என்பதால், கழுவியதோடு நில்லாமல் 121 டிகிரி நீராவியில் 15 நிமிஷம் அதைச் சுத்தி செய்து, குளோரின் கலந்த ஜலமாயின், அந்தக் குளோரின் வழியெல்லாம் கிருமிகளை வதைத்துக்கொண்டே வந்து குழாயடியின் உண்மை நிலையை மறைத்துவிடாதிருக்கும்பொருட்டு, புட்டிக்குள் சிறிது சோடியம் தயோசல்பேட்டையும் முன்கூட்டியே இட்டுவைக்க வேண்டும். பிறகு, அதில் பிடித்துவந்த ஜலத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க, 37 டிகிரி உஷ்ணத்தில் வைத்து 48 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும். எந்த மேலதிகாரி அதட்டினாலும் கிருமி அவசரப்பட்டு வளராது. இந்தப் பொறுமை மாப்பிள்ளைக்கு எவ்வளவு உபயோகம் என்பதைத் தங்கள் சகதர்மிணியாரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

தவிர, 1899-இல் பெரியம்மைக்கு அம்மைப்பால் தயாரிப்பதற்கென்றே தோன்றிய ஸ்தாபனம் அந்தக் கிங் இன்ஸ்டிடியூட். அந்நாளில் அந்த அம்மைப்பாலுக்காகக் கன்றுக்குட்டிகளைப் பராமரித்த ஊழியரையும், ‘மாடு மேய்க்கிறவர்’ என்றுதான் யாரேனும் ஒரு தமையனார் சொல்லியிருப்பார்.

தாராளமாக நிச்சயம் செய்யுங்கள். பெண் பார்க்க வருகிற அன்று அவர் தங்கள் வீட்டுத் தண்ணீர்ச் செம்பைச் சற்று அதிக நேரம் உற்று நோக்கினால், பெண்ணைப் பிடிக்கவில்லையோ என்று மட்டும் கலங்க வேண்டாம்.