மாமனார் சொத்துக்குப் போன வழியில் ஒரு தீவு

வெறும் சுற்றுலா என்றால் ஒரு விலை. அதையே 'எக்ஸ்பெடிஷன் க்ரூஸ்' என்றால் வேறு விலை. ஐஸ்லாந்தைக் கடல்வழியாகச் சுற்றிக் காட்டும் கப்பல்கள் இரண்டாவது ரகம். ரெய்க்யாவிக்கில் ஏற்றி, பத்து நாள் போல் சுற்றி, மறுபடி ரெய்க்யாவிக்கிலேயே இறக்கிவிடுவார்கள். நடுவில் ரப்பர் படகில் கரையிறங்கலாம். கிரிம்சே தீவில் ஆர்க்டிக் வட்டத்தை ஒரே எட்டில் தாண்டிப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். ஹூசாவிக்கில் திமிங்கிலம் பார்க்கலாம். அது வராவிட்டாலும், அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேச நிபுணர் கப்பலிலேயே தயாராக இருப்பார்.

இந்தச் சுற்றை முதன்முதலில் முடித்தவன் யாருக்கும் பைசா கொடுக்கவில்லை. ஸ்வீடன்காரன், பெயர் கார்தார் ஸ்வாவர்சன். காலம் 860-களை ஒட்டி. இவன் கதை 'லாண்ட்னாமாபோக்' என்ற பழைய ஐஸ்லாந்து நூலில் வருகிறது. யார் எந்த நிலத்தைப் பிடித்தான், யாருக்கு யார் மகன், எவன் எவனை வெட்டினான் என்று எழுதி வைத்த பட்டா ரிஜிஸ்தர் அது. எல்லாம் நடந்து இரண்டு மூன்று நூற்றாண்டு கழித்து எழுதியது. அதனால் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் தொல்லை எழுதியவர்களுக்கு இல்லை.

அந்த நூலுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள் உண்டு. கார்தார் ஏன் கிளம்பினான் என்பதில் அவை ஒத்துப்போகவில்லை. எதிர்காலம் அறிந்த அம்மா வழி சொல்லி அனுப்பினாள் என்கிறது ஒன்று. மனைவிக்கு வரவேண்டிய அப்பன் வீட்டுச் சொத்தை வசூலிக்க ஹெப்ரிடீஸ் தீவுகளுக்குப் போனவன், ஸ்காட்லாந்துக்கு வடக்கே புயலில் சிக்கி அடித்துப் போகப்பட்டான் என்கிறது இன்னொன்று. ஆக, ஒரு மகத்தான கண்டுபிடிப்பின் பெருமை அம்மாவுக்கா, மாமனாருக்கா என்ற பஞ்சாயத்து இன்னும் தீரவில்லை. நான் மாமனார் கட்சி. வராத பணத்தைத் தேடிப் போகிற மனிதன்தான் அவ்வளவு தூரம் போவான்.

அவனுக்கு முன்பே சிலர் வந்து போயிருந்தார்கள். அயர்லாந்துத் துறவிகள் தனிமை தேடி வந்து தங்கியிருந்தார்கள். பின்னால் சாமி கும்பிடத் தெரியாத வடக்கத்தியான்கள் வந்து குவிந்ததும், இவர்களோடு யார் குடியிருப்பது என்று புத்தகம், மணி, கைத்தடி எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். பட்டா கேட்காததால் அவர்கள் கணக்கில் சேர்த்தியில்லை. நட்டோட் என்ற வைக்கிங்கும் திசை தவறி வந்தான். கிழக்குக் கரையில் ஒரு மலைமேல் ஏறி, மனிதர் இருந்தால் அடுப்புப் புகை தெரியுமே என்று நாலாபுறமும் பார்த்தான். புகை இல்லை. பனி கொட்டியது; திரும்பிவிட்டான். எரிமலைத் தீவின் உச்சியில் நின்று புகையைக் காணோம் என்று சொன்ன ஒரே ஆள் அவனாகத்தான் இருப்பான்.

கார்தாரின் கப்பலில் அறை என்ற பேச்சே இல்லை. ஒரே பாய், திறந்த தளம், கருவாடு. பகலெல்லாம் மரக் குடுவையால் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்ற வேண்டும். இரவில் இரண்டு பேருக்கு ஒரு தோல் மூட்டை. உள்ளே புகுந்து படுத்துக்கொள்ள வேண்டியதுதான். பக்கத்தில் படுப்பவன் கடைசியாக எப்போது குளித்தான் என்பது அவரவர் தலையெழுத்து.

கிழக்குக் கரையில் ஒட்டியவன் அப்படியே சுற்ற ஆரம்பித்தான். தெற்குக் கரை நெடுகக் கறுப்பு மணல். எரிமலை கக்கியதைப் பனியாறுகள் அரைத்துக் கொண்டுவந்து கொட்டிய மணல் அது. ஒதுங்க ஓர் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. இன்றைக்கும் அந்தப் பக்கம் வரும் கப்பல்கள் கரையைத் தூரத்தில் காட்டிவிட்டு ஹெய்மாயி தீவுக்குப் போய்விடும். 1973-இல் அங்கே எரிமலை வெடித்து, லாவா துறைமுகத்தின் வாயை அடைக்க வந்தபோது, கடல்நீரைப் பீய்ச்சியடித்தே அதை மடக்கினார்கள். ஒரு துறைமுகத்துக்கு அந்தக் கரையில் அவ்வளவு கிராக்கி. தரைவழியாகத் தீவை முழுதாகச் சுற்றும் சாலை பூர்த்தியானதும் 1974-இல்தான். கார்தார் சுற்றி முடித்து ஆயிரத்து நூறு வருஷம் கழித்து!

குளிர்காலத்தை வடக்கே ஹூசாவிக்கில் ஒரு வீடு கட்டிக் கழித்தான். சுற்றி வந்ததில் இது தீவுதான் என்று உறுதியாகிவிட, அதற்குத் தன் பெயரையே வைத்தான். கூச்சம் என்பது அந்தக் காலத்தில் கண்டுபிடிக்கப்படவில்லை.

வசந்தத்தில் கிளம்பும்போது ஒரு படகு பிரிந்து போனது. அதில் நாட்ஃபாரி என்ற ஆளும், ஓர் அடிமையும், ஓர் அடிமைப் பெண்ணும். கப்பல் போய்விட்டது, இவர்கள் மூவரும் அங்கேயே தங்கிவிட்டார்கள். நியாயமாக ஐஸ்லாந்தின் முதல் குடிமக்கள் இவர்கள். ஆனால் பாடப்புத்தகம் அந்த இடத்தை, 874-இல் குடியேறியதாகச் சொல்லப்படும் இங்கோல்ஃப் ஆர்னார்சன் என்ற நார்வேக்காரப் பெரிய மனிதனுக்குக் கொடுத்துவிட்டது. மண்ணும் ஏறக்குறைய அந்தத் தேதிக்கே சாட்சி சொல்கிறது: 870-களில் ஓர் எரிமலை தீவின் பெரும்பகுதியில் சாம்பல் தூவியது. கிரீன்லாந்துப் பனிப்பாளத்தைத் துளைத்து ஆண்டைக் கணக்கிட்டிருக்கிறார்கள். குடியிருப்புத் தடயங்கள் ஏறக்குறைய எல்லாமே அந்தச் சாம்பலுக்கு மேலேதான். நாட்ஃபாரியோ நல்ல பள்ளத்தாக்கு ஒன்றைப் பிடித்து மரங்களில் அடையாளம் வெட்டி வைத்திருந்தான். பின்னால் வந்த ஏவிண்ட் என்பவன் அவனை விரட்டிவிட்டு, ஒரு சின்ன விரிகுடாவைக் கொடுத்து, போ என்றான். முதலில் வந்தவனுக்கு முன்னுரிமை என்பதெல்லாம் பஸ் சீட்டுக்குத்தான்.

கார்தாரின் மகன் ஊனி கதை இன்னும் மோசம். உன் அப்பா பார்த்த தீவுதானே, எனக்கு அடக்கிக் கொடு, பிரபுப் பட்டம் தருகிறேன் என்று நார்வே மன்னன் ஹரால்ட் அனுப்பினான். விஷயம் தெரிந்ததும் குடியேறியவர்கள் வாளை எடுக்கவில்லை. ஆடு மாடு விற்க மாட்டோம் என்றார்கள். ராஜதந்திரம் பட்டினியில் முடிந்தது. இடம் மாறிப் போனவன் ஒரு வீட்டில் விருந்தாளியாகத் தங்கினான். அந்த வீட்டுப் பெண் கர்ப்பமானாள். ஊனி கம்பி நீட்டினான். பெண்ணின் தகப்பன் துரத்திப் பிடித்து மாப்பிள்ளையாக்கிக் கூட்டிவந்தான். மறுபடி ஓடினான். இந்தத் தடவை மாமனார் கூட்டிவரவில்லை, வெட்டிவிட்டான். அந்தக் குடும்பத்துக்கு மாமனார் ராசி இல்லை.

தீவுக்கு இன்றுள்ள பெயரை வைத்தவன், கார்தாருக்கு அடுத்து வந்த ஃப்ளோக்கி. முறையாகக் குடியேறவே ஆடு மாடு ஏற்றிக்கொண்டு வந்தான். வழி காட்ட மூன்று காக்கைகள், அண்டங்காக்கை ஜாதி. முதல் காக்கை வந்த வழியே திரும்பிப் பறந்தது; புத்திசாலி. இரண்டாவது மேலே சுற்றிவிட்டுக் கப்பலுக்கே வந்துவிட்டது. மூன்றாவது முன்னால் பறந்தது. அதன் பின்னால் போய் மேற்கே வாட்ன்ஸ்ஃபியோர்த்தில் இறங்கினார்கள். தண்ணீர் முழுக்க மீன். கோடையெல்லாம் மீன் பிடித்தார்கள், தின்றார்கள், மறுபடி பிடித்தார்கள். புல் அறுத்து உலர்த்திப் போர் போட வேண்டும் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. பனிக்காலத்தில் கால்நடை மொத்தமும் செத்தது. கடுப்போடு ஃப்ளோக்கி மலையேறிப் பார்த்தால், அடுத்த ஃபியோர்த், அதாவது குறுகிய கடற்கழி, முழுக்க மிதக்கும் பனிக்கட்டி. ஐஸ்லாந்து என்று வைத்துவிட்டான். தப்பு மாட்டினுடையதும் அல்ல, தீவினுடையதும் அல்ல. பழி மட்டும் தீவுக்கு.

ஊர் திரும்பியதும் விசாரித்தவர்களிடம் ஃப்ளோக்கி, அது ஓர் உதவாக்கரை நாடு என்றான். கூடப் போன ஹெர்யோல்ஃப் நல்லதும் உண்டு கெட்டதும் உண்டு என்றான். அவனை யாருக்கு ஞாபகம் இருக்கிறது? மூன்றாமவன் தோரோல்ஃப், அங்கே ஒவ்வொரு புல்லிலும் வெண்ணெய் சொட்டுகிறது என்று அளந்தான். அன்றிலிருந்து அவனுக்கு வெண்ணெய் தோரோல்ஃப் என்றே பெயர்.

திட்டித் தீர்த்த ஃப்ளோக்கி என்ன செய்தான்? சில காலம் கழித்துத் திரும்பவும் கப்பலேறி, அதே தீவின் வடக்கே ஒரு பள்ளத்தாக்கில் நிலம் பிடித்து நிரந்தரமாகக் குடியேறினான். பள்ளத்தாக்குக்கு அவன் பெயரே நிலைத்துவிட்டது. அந்தக் கோடையிலாவது தூண்டிலைத் தொடுமுன் அரிவாளை எடுத்திருப்பான் என்று நம்புவோம்.