பந்து தெரியணுமே!

வாசகர், விருத்தாசலம்

கேள்வி: மைதானத்தில் மின்விளக்கு எரியும்போதே 'வெளிச்சம் போதாது' என்று டெஸ்ட் ஆட்டத்தை நிறுத்துவது ரசிகனை ஏமாற்றுவதுதானே?

பதில்: உங்கள் எரிச்சல் நியாயம்தான். 2021 நவம்பரில் கான்பூரில் நியூசிலாந்தின் கடைசி ஜோடி ரச்சின் ரவீந்திராவும் அஜாஸ் படேலும் 52 பந்துகளைத் தாக்குப்பிடித்தார்கள். நடுவர்கள் ஒளிமானியை எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். ஒரே விக்கெட் பாக்கியிருக்க, இருட்டு வந்து டிரா செய்துவிட்டுப் போனது. ஆனால் சிவப்புப் பந்து விளக்கொளியில் மங்கிவிடும். பகலிரவு டெஸ்டுக்கென்று 2015-ல் அடிலெய்டில் இளஞ்சிவப்புப் பந்தை இறக்கியதே அதனால்தான். 'சுழற்பந்து மெதுவாகத்தானே வரும், அதையாவது வீசி ஆட்டத்தைத் தொடரலாமே?' என்பீர்கள். வருவது மெதுவாக, மட்டையில் பட்டுப் பக்கத்து பீல்டரின் முகத்துக்குப் போவது அப்படியல்லவே! பீங்கானுக்குப் பேர்போன உங்கள் ஊரில் கோப்பை உடைந்தால் இன்னொன்று வார்க்கலாம். பல் உடைந்தால் அதையும் பீங்கானில்தான் கட்டவேண்டும்!