கேரளா வெளிநாடு இல்லடே!

ஏலே மருமவனே, இப்படி உக்காரு. புளியங்குடி எலுமிச்சைக்கு 2025ல புவிசார் குறியீடு கெடச்சதும் தெருவெல்லாம் மிட்டாய் குடுத்தியாமே? சந்தோசம். மறுநாள் மூட்டையத் தூக்கிட்டு எங்க போன? அதே கமிஷன் கடைக்குத்தான!

"நம்ம காய் ஏற்றுமதி ஆவுது மாமா"ன்னு சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுல நின்னு அளக்குத. புளியரை செக்போஸ்ட்டத் தாண்டி ஊறுகாய்க்குப் போறதெல்லாம் ஏற்றுமதின்னா, உங்க அத்தை குத்தாலத்துல குளிச்சிட்டு வந்தது வெளிநாட்டுப் பயணம்தான்.

கமிஷன் கடை அட்வான்ஸுக்கு வட்டியே இல்லன்னு வேற பெரும. ஆமா, வட்டி கெடையாது. காய வேற கடைக்குக் கொண்டு போவக் கூடாது, அவ்வளவுதான். வெலய அவரு சொல்லுவாரு, கமிஷன அவரே கழிப்பாரு, சாம்பிளுன்னு நாலு காயவும் அவரே எடுத்துக்கிடுவாரு. ரொம்ப எரக்கமான மனுசன்!

பேங்குல 'பேக்கிங் கிரெடிட்'னு ஒரு கடன் உண்டும்டே. அட்டப்பெட்டி வாங்கத் தர்ற காசுன்னு நெனச்சிராத. காய் வாங்க, தரம் பிரிக்க, பெட்டி கட்ட, தூத்துக்குடி துறைமுகம் வரைக்கும் கொண்டு சேக்கன்னு, சரக்கு கப்பலேறதுக்கு முன்னால ஆவுற செலவுக்குத் தர்றது. ஆனா வெறும் பட்டாவ நீட்டினா ஆவாது. வெளிநாட்டுக்காரன் குடுத்த ஆர்டரோ, அவன் பேங்கு பணத்துக்கு உத்தரவாதம் குடுக்குற எல்.சி. கடிதமோ கையில இருக்கணும். உங்கிட்ட இருக்கது கமிஷன் கடை துண்டுச்சீட்டு. சரி, ஏற்றுமதி பண்ணுறவன் உங்கூட ஒப்பந்தம் போட்டா, அவன் வாங்குற அந்தக் கடன்லயே ஒனக்கு வெதை, உரம் வாங்கித் தரவும் ரிசர்வ் வங்கி விதியில எடம் இருக்கு. இத எந்த ஏற்றுமதிக்காரனும் ஒன் வீட்டுக் கதவத் தட்டிச் சொல்ல மாட்டான்.

இந்த மாதிரி ஏற்றுமதிக் கடன் வட்டியில ஒரு பங்க அரசாங்கமே ஏத்துக்கிடுத திட்டம் ஒண்ணு 2015ல வந்துச்சு. ஊறுகா, சாறுன்னு செஞ்சு அனுப்புற சிறுதொழில்காரனுக்கும் அதுல எடம் இருந்துச்சு. 2024 டிசம்பரோட அது முடிஞ்சும் போச்சு. பொறந்ததுக்கும் நீ போவல, எழவுக்கும் போவல. சினிமாக்காரன் வீட்டுக் கல்யாணத் தேதி மட்டும் நாக்கு நுனியில நிக்கி.

இன்னொண்ணு, இ.சி.ஜி.சி.ன்னு ஏற்றுமதிக் காப்பீட்டுக் கம்பெனி 1957லேருந்து இருக்கு. வாங்குனவன் திவாலானாலோ பணத்த இழுத்தடிச்சாலோ நட்டத்துல பெரும்பங்கத் தர்ற காப்பீடு. காய் அழுவிப் போச்சு, தரம் சரியில்லன்னு அவன் சண்டைக்கு வந்தா, அதுக்கு இது பொறுப்பில்ல. அழுவுற காய அனுப்பிட்டு இன்சூரன்ஸ எண்ணலாம்னு கணக்குப் போடாத. ஒன் மூளை எனக்குத் தெரியும்.

ஒத்த ஆளாக் கன்டெய்னர ரொப்ப ஒன்னால முடியாது. உழவர் உற்பத்தியாளர் கம்பெனியில பங்குப் பணம் கட்டியிருக்கேல்லா? அடுத்த கூட்டத்துக்கு வடை வர்ற நேரம் பாத்துப் போவாம, மொதல்லயே போயி, "கம்பெனி பேருல ஏற்றுமதிக்கான ஐ.இ.சி. நம்பரு எடுத்தாச்சா, வேளாண் ஏற்றுமதிக்கான அபெடாவுல பதிஞ்சாச்சா"ன்னு கேளு. எடுக்கலன்னா, ஐ.இ.சி. நம்பருக்கு ஐந்நூறு ரூவாதான், ஆன்லைன்லயே போடலாம். வருசா வருசம் ஏப்ரல்லேருந்து ஜூனுக்குள்ள அதச் சரிபாத்துப் புதுப்பிக்கணும். அந்த மூணு மாசமும் காசு கெடையாது, விட்டா நம்பரு முடங்கிப் போவும்.